அல்மிர் சாட்டர்: வியோலாவைக் கீழே வைக்காத நடிகர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பிரேசில் இசை என்றதும் நம்மில் பலருக்கு சாம்பாவும் போசா நோவாவும்தான் நினைவுக்கு வரும். அந்த நாட்டின் வானொலியில் இன்று அதிகம் ஒலிப்பது வேறொன்று. கடற்கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி, மாட்டுப்பண்ணைகளும் செம்மண் சாலைகளும் உள்ள பகுதியில் பிறந்த பாட்டு அது. அந்தப் பாட்டுக்காரர்களில் என் மனசுக்கு மிக நெருக்கமானவர் அல்மிர் சாட்டர். யாருக்கு அவர் பாட்டைப் போட்டுக் காட்டினாலும் திரும்பத் திரும்ப இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

யார் இந்த அல்மிர் சாட்டர்?

பிரேசிலின் மேற்கு ஓரத்தில், பராகுவேக்கும் பொலிவியாவுக்கும் பக்கத்தில் இருக்கும் காம்ப்போ கிராண்டே நகரில் 1956 நவம்பர் 14 அன்று பிறந்தவர். பாடகர், பாடலாசிரியர், வியோலா என்னும் பத்துத் தந்தி வாத்தியத்தில் கைதேர்ந்தவர். தொலைக்காட்சித் தொடர்களில் நடித்ததால் நாடு முழுக்க வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். அவர் பிறந்தபோது அந்த ஊர் மாட்டோ குரோசோ மாநிலத்தில் இருந்தது. 1977இல் மாநிலத்தைப் பிரிக்கச் சட்டம் வந்தது. 1979இலிருந்து காம்ப்போ கிராண்டே, மாட்டோ குரோசோ டோ சுல் என்ற புது மாநிலத்தின் தலைநகர். புது மாநிலத்துக்கென்று ஒரு பாட்டு அடையாளம் உருவான காலமும் இவர் தலையெடுத்த காலமும் ஒன்றே. அதனால் அந்த மண்ணின் குரல் யார் என்று கேட்டால் அங்குள்ளவர்கள் முதலில் இவர் பெயரைத்தான் சொல்வார்கள்.

பெயரை எப்படிச் சொல்வது?

பிரேசில்காரர்கள் 'அவ்மீர்' என்பதுபோலச் சொல்வார்கள். அவர்கள் வாயில் மெய்யாக நிற்கும் 'ல்' கிட்டத்தட்ட 'வ்' ஆகிவிடும். தமிழில் அல்மிர் என்றே எழுதலாம், தவறில்லை.

இவரை 'கன்ட்ரி' பாடகர் என்று சொல்லலாமா?

புரிய வைப்பதற்காகச் சொல்லலாம். அவர்கள் சொல்லும் சொல் செர்தனேஜோ. நாட்டின் உட்பகுதியைக் குறிக்கும் 'செர்தாவ்ன்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் வேரில் இருப்பது கைப்பிரா இசை. சாவ் பாவ்லோ, மினாஸ், கோயாஸ், மாட்டோ குரோசோ பகுதிகளின் குடியானவர்கள் இரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவர் மேல்குரலிலும் இன்னொருவர் கீழ்க்குரலிலும் பாடும் பாட்டு. 1929இல் கொர்னேலியோ பீரெஸ் என்ற எழுத்தாளர் தன் கைக்காசைப் போட்டு இந்தப் பாட்டுகளை இசைத்தட்டாக்கினார். வாங்க ஆள் வராது என்று நினைத்த கம்பெனிக்கு முன்னால் அவை மளமளவென்று விற்றன. செர்தனேஜோ என்ற தொழில் அங்கேதான் தொடங்குகிறது.

1980களில் அது பெரிய வியாபாரம் ஆயிற்று. மின்கித்தார் வந்தது, வயலின் கூட்டம் வந்தது, காதல் தோல்விப் பாட்டு பெருகியது. 2000க்குப் பிறகு கல்லூரிப் பிள்ளைகளுக்கென்று ஒரு துள்ளல் வகையும் வந்து, அரங்குகளை நிரப்பியது. அல்மிர் இந்த இரண்டு அலைகளிலும் ஏறவில்லை. எல்லைக்கு அப்பாலிருந்து வரும் பராகுவே போல்கா, குவரானியா, ஷமமே தாளங்களைக் கைப்பிரா வேரோடு சேர்த்து, தனக்கென்று ஒரு நடை வைத்துக்கொண்டார். ப்ளூஸும் ராக்கும் கேட்டு வளர்ந்த காது அது என்பதும் வாசிப்பில் தெரியும். செர்தனேஜோ என்ற பெரிய வீட்டில் இவர் இருப்பது பின்கட்டுத் திண்ணையில். காற்று அங்கேதான் நன்றாக வரும்.

வியோலா என்றால் வயலின் குடும்பத்து வாத்தியமா?

இல்லை. வில் போட்டு வாசிக்கும் வியோலா வேறு. இது வியோலா கைப்பிரா. போர்ச்சுகலிலிருந்து குடியேறியவர்களோடும் பாதிரிமாரோடும் வந்து, பிரேசிலின் கிராமங்களில் ஊறிப்போன வாத்தியம். பார்க்கக் கொஞ்சம் சின்ன கித்தார் மாதிரி இருக்கும், இடுப்பு ஒடுங்கியிருக்கும். பத்துத் தந்திகள், இரண்டிரண்டாக ஐந்து சோடி. மேல் இரண்டு சோடிகளில் இரு தந்திகளும் ஒரே சுரம். மற்ற மூன்றிலும் ஒன்று கீழ் ஸ்தாயி, ஒன்று மேல் ஸ்தாயி. அதனால்தான் ஒரு விரல் பட்டாலே இரண்டு பேர் சேர்ந்து பாடுவதுபோலக் கேட்கும். இரட்டைக் குரல் பாட்டுக்கு இந்த வாத்தியம் துணையாக அமைந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

சுருதி கூட்டுவதிலும் பல வழிகள் உண்டு. அதிகம் புழங்குவது 'செபொலாவ்ன்', அதாவது பெரிய வெங்காயம். இந்தச் சுருதியில் வாசித்தால் கேட்கும் பெண்களுக்கு வெங்காயம் நறுக்கினாற்போலக் கண்ணீர் வருமாம், பெயருக்கு அவர்கள் சொல்லும் காரணம் அது. இன்னொன்று 'ரியோ அபைஷோ', ஆற்றோட்டத்தின் கீழ்ப்பக்கம் என்று பொருள். இரண்டிலும் இடது கையை எங்கும் அழுத்தாமல் வெறுமனே தடவினாலே முழுச் சுருதிக்கூட்டு ஒலிக்கும். கித்தார் பழகிய கை முதல்முறை இதைத் தொட்டால் திகைத்துப்போகும்.

சாத்தானோடு ஒப்பந்தம் என்கிறார்களே, அது என்ன?

வியோலா வாசிப்பவருக்கு அங்கே வியோலெய்ரோ என்று பெயர். கை அபாரமாக ஓடும் வியோலெய்ரோவைப் பார்த்தால், இது பழகி வந்த கை இல்லை, சாத்தானிடம் ஆன்மாவை அடகு வைத்து வாங்கிய கை என்று ஊரில் பேசுவார்கள். நள்ளிரவில் நாற்சந்தியில் போய் நின்றால் ஒப்பந்தம் முடியும் என்பது கதை. ரியோ அபைஷோ சுருதியே சாத்தான் படகில் ஆற்றோடு மிதந்துபோய் வாசித்தது என்றும் சொல்வார்கள். விரியனைச் சேர்ந்த கிலுகிலுப்பைப் பாம்பின் வால் சிலம்பை வியோலாவின் வயிற்றுக்குள் போட்டு வைக்கும் பழக்கம் இன்றும் உண்டு. கண்ணேறு படாது, நாதம் கூடும் என்று நம்பிக்கை. வாத்தியத்தைக் குலுக்கினால் உள்ளே சருகு உரசுவதுபோல ஒரு சத்தம் கேட்கும்.

அதே நாட்டுப்புறத்தில் வியோலெய்ரோக்களுக்கென்று ஒரு புனிதரும் இருக்கிறார். சாவ் கொன்சாலோ என்று பெயர். அவர் முன்னால் வியோலா வாசித்து ஆடி நேர்த்திக்கடன் தீர்ப்பார்கள். ஒரே வாத்தியத்துக்கு இரு பக்கமும் சொந்தம் கொண்டாடுகிறார்கள். இந்தச் சாத்தான் கதையை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அல்மிரின் நடிப்பு வாழ்க்கை இதிலிருந்துதான் புறப்படுகிறது.

சட்டம் படிக்கப் போனவர் என்பது உண்மையா?

உண்மை. இருபது வயது வாக்கில் ரியோ டி ஜனெய்ரோவுக்குச் சட்டம் படிக்கப் போனார். அங்கே லார்கோ டோ மஷாடோ என்ற சதுக்கத்தில் மினாஸ் பக்கத்துக்காரர்கள் இருவர் வியோலா வாசித்துக்கொண்டிருந்ததைக் கேட்டார். அந்த ஒலி அவரைப் பிடித்துக்கொண்டது. படிப்பை விட்டார்.

ஊர் திரும்பி, நண்பரோடு 'லூப்பே – லம்ப்பியாவ்ன்' என்று சோடிப் பாட்டுக்காரர்களாக இருந்து பார்த்தார். லூப்பே இவர்தான். 1979இல் சாவ் பாவ்லோவுக்குப் போனார். அங்கே தம் ஊர்ப் பாடகி டெட்டே எஸ்பின்டோலாவின் வட்டத்தில் வாசித்தார். வியோலாவின் மன்னர் என்று மதிக்கப்பட்ட தியாவ்ன் கரெய்ரோவிடம் நெருங்கிப் பழகி, அவர் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். கரெய்ரோ, வியோலா ஒரு தாளம், கித்தார் ஒரு தாளம் என்று பின்னும் 'பகோஜி' என்ற வாசிப்பு முறையை உருவாக்கியவர். 1993இல் மறைந்தார். அல்மிர் அவரைத் தன் ஆசானாகவே எப்போதும் சொல்லிவருகிறார். பாட்டு எழுதும் பட்டணத்துப் பையனுக்கு, பழைய தலைமுறையின் உச்சத்தில் இருந்த ஒரு கை கிடைத்தது பெரிய பாக்கியம்.

முதல் தொகுப்பு 'எஸ்ட்ரடெய்ரோ' 1981இல் வந்தது. வழியே வாழ்க்கையாகக் கொண்டவன் என்று பொருள் கொள்ளலாம்.

பந்தனால் என்பது என்ன? ஏன் எல்லாப் பாட்டிலும் அது வருகிறது?

உலகின் மிகப்பெரிய வெப்பமண்டலச் சதுப்பு வெளி. பிரேசில் பக்கம் மட்டும் சுமார் 1,50,000 சதுர கிலோமீட்டர். மழைக்காலத்தில் பராகுவே ஆறும் கிளைகளும் கரை மீறிப் பரவி, புல்வெளி முழுக்கத் தண்ணீர் நிற்கும். மேட்டில் இருக்கும் பண்ணை வீடுகள் தீவாகிவிடும். தண்ணீர் ஏறுமுன் மாடுகளை மேட்டுக்கு ஓட்ட வேண்டும், வடிந்ததும் திரும்ப ஓட்டிவர வேண்டும். அப்படி மந்தையோடு வாரக்கணக்கில் போகும் ஆட்கள் கூட்டத்துக்குக் 'கொமிட்டீவா' என்று பெயர். முன்னால் போகிறவர் மாட்டுக்கொம்பில் செய்த 'பெரான்ட்டே' என்ற ஊதுகொம்பை ஊதுவார், மந்தை அந்தச் சத்தத்தைத் தொடரும். சாயங்காலம் எங்கே தங்குகிறார்களோ அங்கே அடுப்பு மூட்டி, சோறும் உப்புக்கண்டமும் சேர்த்துச் சமைப்பார்கள். சாப்பிட்டபின் வியோலா எடுப்பார்கள்.

1980களின் முற்பகுதியில் அல்மிரும் பாடலாசிரியர் பவுலோ சிமோயின்ஸும் வயலின் கலைஞர் சே கோமெஸும் இன்னும் சிலரும் 'கொமிட்டீவா எஸ்பெரான்சா', நம்பிக்கைக் கூட்டம், என்று ஒன்றை அமைத்தார்கள். மூன்று மாதம், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், பந்தனாலுக்குள் பண்ணை பண்ணையாகப் போய்ப் பாட்டுகளையும் பேச்சையும் வாழ்க்கையையும் சேகரித்தார்கள். ஆவணப்படமாகவும் வந்தது, அதே பெயரில் பாட்டாகவும் வந்தது. இவர் பாடல்களில் வரும் ஆறும் மாடும் புத்தகத்தில் படித்தவை இல்லை என்று நான் அடித்துச் சொல்வது இந்தப் பயணத்தை வைத்துத்தான்.

அந்த மண்ணுக்கு எழுதாத கீதம்போல ஆகிவிட்ட 'ட்ரெம் டோ பந்தனால்' பாட்டும் இவர் குரலில்தான் ஊரெங்கும் பரவியது. எழுதியவர்கள் பவுலோ சிமோயின்ஸும் ஜெரால்டோ ரோகாவும். பொலிவிய எல்லை நோக்கிச் சதுப்பைக் கடந்து போகும் ரயில் பற்றியது. இதை அல்மிரே எழுதியதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

நடிப்புக்கு எப்படி வந்தார்?

1980களில் ஒசுவால்டோ கண்டெயாஸின் 'அஸ் பெல்லாஸ் டா பில்லிங்ஸ்' படத்தில் நடித்தார். 1988இல், பந்தனாலின் கவிஞர் மனோயெல் டி பரோஸ் பற்றிய 'கரமூஜோ-ஃப்ளோர்' என்ற குறும்படத்திலும் வந்தார். இவை சிறிய வட்டத்துக்குள் நின்றவை.

திருப்பம் 1990இல். பெனெடிட்டோ ரூய் பார்போசா என்ற தொடர் எழுத்தாளர் பந்தனாலை வைத்து ஒரு நெடுந்தொடர் எழுத ஆசைப்பட்டார். நாட்டின் மிகப்பெரிய சானலான குளோபோ அதை எடுக்கவில்லை. சதுப்புக்குள் போய்ப் படம் பிடிப்பது ஆகிற காரியமா என்று தயங்கியது. சின்னப் போட்டியாளரான மன்ஷெட்டே எடுத்துக்கொண்டது. ஜெய்மி மொன்ஜார்டிம் இயக்கத்தில் மார்ச் 27 முதல் டிசம்பர் 10 வரை 'பந்தனால்' ஓடியது. நிஜப் பண்ணையில், நிஜ ஆற்றில் எடுத்தார்கள். பறவைக் கூட்டம் எழும்பிப் போவதைக் கேமரா நிதானமாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதுவரை வீட்டு வரவேற்பறைகளிலேயே கதை நடந்து பார்த்துப் பழகிய மக்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். பார்வையாளர் எண்ணிக்கையில் மன்ஷெட்டே குளோபோவை முந்தியது. பிரேசில் தொலைக்காட்சி வரலாற்றில் இது இன்றும் பேசப்படும் சம்பவம்.

அந்தத் தொடரில் அல்மிருக்கு ட்ரிண்டாடே என்ற வேடம். எங்கிருந்தோ வந்து பண்ணையில் வேலைக்குச் சேரும் மாட்டுக்காரன். வியோலா வாசிப்பான். அவன் கை ஓடுவதைப் பார்த்து, சாத்தானோடு ஒப்பந்தம் போட்டவன் என்று மற்றவர்கள் ஒதுங்குவார்கள். அவனும் மறுக்கமாட்டான். கிராமத்தில் நூறு வருஷமாகப் பேசிவந்த கதைக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, அந்தக் கதையை உண்மையாகவே நம்பவைக்கும் ஒரு கையும் தேவைப்பட்டது. நடிகர் ஒருவருக்கு வாத்தியத்தைக் கொடுத்து, கையை மட்டும் வேறு ஆளை வைத்து எடுத்திருந்தால் ட்ரிண்டாடே அன்றே செத்திருப்பான். மேலாள் டிபேரியோவாக நடித்தவர் மூத்த பாடகர் செர்ஜியோ ரெய்ஸ். சாயங்காலம் வேலையாட்கள் கூடும் காட்சிகளில் இரண்டு பேரும் நேராகவே வாசித்துப் பாடினார்கள். பழைய படகுப் பாட்டான 'ஷலானா', மாரியோ சான், அர்லிண்டோ பின்ட்டோ இருவரும் செய்தது, இந்தத் தொடர் மூலமாக அல்மிர் குரலில் புது உயிர் பெற்றது.

'பந்தனால்' முடியுமுன்பே ட்ரிண்டாடே காணாமல் போகிறானே, ஏன்?

கதையில் ஒரு காரணம் சொல்கிறார்கள். திரைக்குப் பின்னால் இருந்த காரணம் எளிது: மக்கள் அவரை அவ்வளவு விரும்பியதால், அதே சானல் தன் அடுத்த தொடருக்கு அவரையே நாயகனாக்கியது. 'அனா ராயோ – சே ட்ரொவாவ்ன்' கதை 1990 டிசம்பரில் தொடங்கி 1991 அக்டோபர் வரை ஓடியது. மின்னல் அனா, இடி சே என்று பெயர்களுக்குப் பொருள். மாடு அடக்கும் ரோடியோ வித்தைக்காரர்களின் கதை. தன்னிடமிருந்து பறிக்கப்பட்ட மகளைத் தேடி அலையும் அனாவாக இங்க்ரா லிபெராட்டோ நடித்தார். தொடரின் வண்டிக் கூட்டமே ஊர் ஊராக நகர்ந்து, போகிற இடத்திலேயே படம் பிடித்தார்கள்.

ஒன்றரை வருஷம் இடைவிடாமல் திரையில் இருந்தார். அப்போது நினைத்திருந்தால் முழுநேர நடிகராகியிருக்கலாம். ஆகவில்லை. மேடைக்குத் திரும்பினார், 1992இல் நேரடிக் கச்சேரித் தொகுப்பு வெளியிட்டார்.

செர்ஜியோ ரெய்ஸோடு சோடி சேர்ந்தது எந்தத் தொடரில்?

1996 ஜூன் முதல் 1997 பிப்ரவரி வரை குளோபோவில் வந்த 'ஓ ரெய் டோ காடோ', மாட்டு ராஜா. எழுதியவர் அதே பெனெடிட்டோ ரூய் பார்போசா. காபித் தோட்டக் குடும்பப் பகை, நிலமில்லாதவர்களின் போராட்டம் என்று கனமான கதை. அதற்குள் 'பிரிலாம்ப்போ – சரகூரா' என்ற பாட்டுச் சோடி. மின்மினி அல்மிர், நீர்க்கோழி ரெய்ஸ். தொடருக்குள் கற்பனைச் சோடி பாடிய பாட்டுகளை வெளியே நிஜ மக்கள் பாடினார்கள். எனக்கு அந்தச் சோடி பிடித்ததற்கு ஒரு காரணம்: ரெய்ஸ் குரல் கணீரென்று முன்னால் நிற்கும், அல்மிர் குரல் அடித்தொண்டையில் பின்னால் தங்கும். கைப்பிரா சோடிகளின் மேல்குரல், கீழ்க்குரல் இலக்கணத்தை இரண்டு ஆளுமைகளாகவே பார்க்கலாம்.

இவருடைய மிகப் புகழ்பெற்ற பாட்டு எது?

'டொகாண்டோ எம் ஃப்ரென்ட்டே'. ரெனாட்டோ டெய்ஷெய்ராவோடு சேர்ந்து எழுதியது. டெய்ஷெய்ரா, 1977இல் எலிஸ் ரெஜினா பாடி நாடறிந்த 'ரொமாரியா' பாட்டை எழுதியவர். 'டொகாண்டோ' பாட்டை முதலில் வெளியிட்டவர் பாடகி மரியா பெத்தானியா, 1990இல். பிறகுதான் அல்மிர் தன் குரலில் தந்தார். சிறந்த பாட்டுக்கான ஷார்ப் விருதும் கிடைத்தது.

தலைப்பைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். போர்ச்சுகீசில் 'டொகார்' என்றால் தொடுவது. வாத்தியம் வாசிப்பதற்கும் அதே சொல், மாடு ஓட்டுவதற்கும் அதே சொல். 'முன்னே ஓட்டிக்கொண்டே போவது' என்று தலைப்பைச் சொல்லலாம். தமிழிலும் மாட்டையும் ஓட்டுகிறோம், காலத்தையும் ஓட்டுகிறோம். பாட்டில் ஒரு கிழ மாட்டுக்காரர் நீண்ட சாலையில் மந்தையை நடத்திப்போகிறார். பாடுகிறவன் தன் நாட்களை அப்படி நடத்திப்போகிறான். ஒரு காலத்தில் அவசரப்பட்டவன், அதனால் இப்போது மெல்லப் போகிறவன். இதைப் பாடும்போது அல்மிர் குரலை எங்கும் உயர்த்துவதில்லை. பெத்தானியா பாடினால் பிரார்த்தனைபோல இருக்கும், அல்மிர் பாடினால் பக்கத்தில் உட்கார்ந்தவர் பேசுவதுபோல இருக்கும். பிரேசிலில் திருமணத்திலும் பாடுகிறார்கள், அடக்கத்திலும் பாடுகிறார்கள்.

அமெரிக்காவில் போய்ப் பதிவு செய்தாரா?

ஆம். 1989இல் ரியோவில் ஃப்ரீ ஜாஸ் விழாவில் வாசித்தார், பிறகு அமெரிக்கக் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்குப் போய் அந்த ஊர்க் கலைஞர்களோடு சேர்ந்து 'ராஸ்டா பொனீட்டோ' தொகுப்பைச் செய்தார். பாஞ்சோவும் வியோலாவும் அடுத்தடுத்து வரும் இடங்களைக் கேளுங்கள். இரண்டும் குடியானவர் வாத்தியம். ஒன்றையொன்று உடனே புரிந்துகொள்கின்றன.

பாட்டே இல்லாமல் வெறும் வாத்தியம் மட்டும் வாசித்திருக்கிறாரா?

1985இலும் 1990இலும் இரண்டு வாத்தியத் தொகுப்புகள். முதல் தொகுப்பு வந்த காலத்தில் வியோலாவைப் பாட்டுக்குத் துணை என்ற இடத்திலிருந்து கச்சேரி வாத்தியம் என்ற இடத்துக்கு நகர்த்தியவர்களில் இவர் முக்கியமானவர். 'லுசெய்ரோ' என்ற இவர் மெட்டு 'குளோபோ ருரால்' என்ற விவசாய நிகழ்ச்சியின் முகப்பு இசை. ஞாயிறு காலையில் பால் கறந்து முடித்துக் காபியோடு டிவி முன்னால் உட்காருகிறவர்களுக்கு, அது யார் வாசிப்பு என்று தெரியாமலே மனப்பாடம்.

2022 'பந்தனால்' தொடரில் வந்தது இவர்தானா, மகனா?

இருவரும். முப்பத்திரண்டு வருஷம் கழித்து, ஒருகாலத்தில் வேண்டாம் என்ற அதே குளோபோ, அந்தக் கதையைத் திரும்ப எடுத்தது. எழுதியவர் பழைய எழுத்தாளரின் பேரன் புருனோ லுப்பேரி. ட்ரிண்டாடே வேடம் அல்மிரின் மகன் காப்ரியேல் சாட்டருக்குப் போயிற்று. அவரும் பாடகர், வியோலெய்ரோ. அப்பாவுக்கு எவுஜெனியோ என்ற படகுக்காரர் வேடம். ஆற்றில் சரக்கும் ஆட்களும் ஏற்றிப்போகும் தட்டையான படகு 'ஷலானா', அதன் ஓட்டுநர்.

அந்தத் தொடரில் இருவரும் எதிரெதிரே வியோலா வாசித்துப் போட்டி போடும் காட்சி ஒன்று வருகிறது. மகன் கையில் இருப்பது, அப்பா 1990இல் போட்ட அதே வேடம். மகன் வேகமாக ஓடுகிறார், தந்திகள் சிதறுவதுபோல ஒலிக்கின்றன. அப்பா ஒரு சொற்றொடரை வாசித்துவிட்டு அது அடங்கும்வரை காத்திருக்கிறார், பிறகு அடுத்ததை எடுக்கிறார். அப்பா மகன் கையைப் பார்க்கிறார். கதையில் அது இன்னொரு ஆளின் கை. ஆனால் அந்தப் பார்வையில் சின்ன வயதிலிருந்து பார்த்துவரும் கையை அளக்கும் ஒருவர்தான் இருக்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும்.

உண்மையைச் சொல்லுங்கள், இவர் நல்ல நடிகரா?

பல வேடம் தாங்கி உருமாறும் நடிகர் இல்லை. குரல் ஏறாது, முகம் அதிகம் அசையாது. பிரேசில் தொடர் நடிப்பின் அழுகையும் ஆவேசமும் இவரிடம் கிடையாது. ஆனால் அவர் மௌனமாக இருந்தால் நம்பலாம். தொப்பியைச் சற்று இறக்கிவிட்டு, பேசுகிறவரின் பேச்சு முடியும்வரை கேட்கிறார் பாருங்கள், அது எல்லா நடிகருக்கும் வராது. எழுதியவர்கள் இதைத் தெரிந்துகொண்டு, வேடத்தை அவர் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தார்கள். மாட்டுக்காரன், ரோடியோக்காரன், பாட்டுச் சோடியில் ஒருவன், படகுக்காரன் என்று அவருடைய பெரிய வேடங்களில் பெரும்பாலும் வியோலாவுக்கு ஓர் இடம் இருந்தது. நடிப்பால் வாத்தியத்தை விட்டு விலகிப்போன பாட்டுக்காரர்கள் எத்தனையோ பேர். இவருக்கு நடிப்பு, வாத்தியத்தை இன்னும் பெரிய கூட்டத்தின் முன் கொண்டுவைக்கும் வழியாகவே இருந்தது. ஒவ்வொரு தொடருக்குப் பிறகும் வியோலா வாங்கிப் பழகியவர்கள் கூடினார்கள் என்பதைத்தான் நான் அவருடைய நடிப்பின் பெரிய பலனாக நினைக்கிறேன்.

2024இல் குளோபோவின் 'ரெனாசெர்' தொடரில், பாஹியாவின் கோகோ தோட்டப் பகுதியில் ஊர் ஊராகச் சரக்கு விற்கும் அரபு வியாபாரி ரஷீட்டாக நடித்தார். வழக்கமான மாட்டுக்காரன் வட்டத்துக்கு வெளியே வந்த வேடம். நன்றாகவே செய்தார். என்றாலும் எனக்குப் படகுக்காரர்தான் மனதில் நிற்கிறார்.

விருதுகள்?

ரெனாட்டோ டெய்ஷெய்ராவோடு செய்த 'ஆர்' தொகுப்புக்கு 2016இலும், அதன் தொடர்ச்சியான 'மைஸ் ஆர்' தொகுப்புக்கு 2018இலும் லத்தீன் கிராமி.

இவரைப் போலப் பாடகராகவும் நடிகராகவும் இருந்த மற்றவர்கள்?

செர்ஜியோ ரெய்ஸ் இவருக்கு முன்னோடி. 1940இல் சாவ் பாவ்லோவில் பிறந்தவர், 1960களில் இளைஞர் பாப் பாடகர், பிறகு செர்தனேஜோவுக்கு மாறியவர். 'ஓ மெனீனோ டா போர்ட்டெய்ரா', மந்தை வரும்போதெல்லாம் வேலிக்கதவைத் திறந்துவிடும் சிறுவனைப் பற்றிய பாட்டு, 1977இல் படமானபோது அவர்தான் நாயகன். 2009இல் அதே இயக்குநர் ஜெரெமியாஸ் மொரெய்ரா அதைத் திரும்ப எடுத்தபோது நாயகன் டானியெல். இவரும் செர்தனேஜோ பாடகர். மாட்டுக்காரன் வேடத்துக்குப் பாட்டுக்காரனைத் தேடுவது அங்கே பழைய வழக்கம்.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

முதலில் 'டொகாண்டோ எம் ஃப்ரென்ட்டே', அல்மிர் நேரடிக் கச்சேரியில் பாடியது. அடுத்து 'ஷலானா'. பிறகு 1985 வாத்தியத் தொகுப்பை இரவில், விளக்கை அணைத்துவிட்டு, காதில் ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். சோடித் தந்திகளில் ஒன்று முந்தி ஒன்று பிந்தி அதிரும் அந்த மெல்லிய இடைவெளி ஸ்பீக்கரில் சரியாகப் பிடிபடாது. மொழி புரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம், அதில் சொற்களே இல்லை. அது பிடித்துவிட்டால் 2022 தொடரின் அப்பா–மகன் காட்சியைத் தேடிப் பாருங்கள். அப்பா காத்திருக்கும் இடங்களை எண்ணிக்கொண்டே பாருங்கள்.